துணி காயும் மூலையில் லாவெண்டர்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் காலை ஏழு மணிக்கு நடந்தால் முதலில் மூக்கில் ஏறுவது சுக்கு. அதற்குப் பின்னால் மிளகு, ஈரச் சாக்கு, காயலின் உப்பு வாடை. கிடங்குகளின் பழைய மரக்கதவுகள் பாதி திறந்திருந்தன. மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்றுக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கியபோது சட்டைக்கையில் சுக்குத்தூள் படிந்தது. நான் தேடி வந்தது வேறொரு வாசனையை. சேர்லாய் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில், ஐந்து தொட்டிகளில், தரைக்கு மாறக் காத்திருந்தது லாவெண்டர்.

அந்த வீட்டுக்காரர் எனக்கு அக்கா முறை. நாகர்கோவிலில் பிறந்தவர். கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. நவம்பர் கடைசியில் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, துலாவர்ஷ மழை ஓயப் போவுது. டிசம்பர் பாதியில தொட்டியில இருந்து எடுத்துத் தரையில வைக்கப் போறேன். வந்து பாரு."

சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கோவையில் என் வீட்டில் இரண்டு லாவெண்டர் செடிகளை நானே சாகடித்திருக்கிறேன். இலை தொங்கியது, தண்ணீர் ஊற்றினேன். மேலும் தொங்கியது, மேலும் ஊற்றினேன். தண்ணீர் போதாவிட்டாலும் இந்தச் செடி தலை தொங்கும், தண்ணீர் மிகுந்து வேர் அழுகினாலும் அதே மாதிரிதான் தொங்கும் என்பதைத் தெரிந்துகொண்டபோது இரண்டும் குச்சியாகிவிட்டன. கோவையிலேயே அந்தக் கதி. கொச்சியிலோ ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. இதன் பூர்வீகம் மத்தியதரைக் கடலோரத்துச் சுண்ணாம்புக் குன்றுகள். அங்கே கோடையில் மாதக்கணக்கில் மழையே இருக்காது. கல்லிடுக்கில் வேர்விட்டு, வெயிலில் காய்ந்து, வாசனை எண்ணெயை இலையிலும் பூவின் புல்லிவட்டத்திலும் சேர்த்து வைத்துப் பிழைக்கும் செடி இது.

முற்றம் சிறியது. ஓட்டு வீடு, மூலையில் கிணறு, கிணற்றடியில் கறிவேப்பிலை, நடுவில் துளசித்தறை, சுவரோரம் கற்பூரவள்ளி. ஐந்து தொட்டிகளும் திண்ணைப் படியில் வரிசையாக இருந்தன. மூன்றில் இருந்தவை ஊட்டிப் பயணத்தில் வாங்கி வந்த இங்கிலீஷ் லாவெண்டர். ஒடுங்கிய சாம்பல் இலை. கையில் தேய்த்தால் எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சோப்பு மணம். மற்ற இரண்டும் திருச்சூர் பக்கம் மண்ணுத்தியின் நர்சரித் தெருவில் வாங்கியவை. அவற்றின் இலை விளிம்பில் ரம்பம் போலச் சிறு பற்கள் வரிசையாக இருந்தன. இது லாவண்டுலா டென்டேட்டா என்ற இனம். வாசனையில் கொஞ்சம் கற்பூரம் தூக்கல்.

இந்த வேறுபாட்டை விளக்கமாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். இங்கிலீஷ் லாவெண்டர் நன்றாகப் பூக்கக் குளிர்காலம் வேண்டும். கொச்சியில் மார்கழி இரவில்கூட வெப்பம் 22, 23 டிகிரிக்குக் கீழே அரிதாகத்தான் இறங்கும். செடி உயிரோடு இருந்தாலும் பூவுக்கு உத்தரவாதமில்லை. பல்விளிம்பு இனத்துக்குக் குளிர் தேவையில்லை, ஈரக்காற்றையும் ஓரளவு தாங்கும். தொட்டியில் 'லாவெண்டர்' என்று மட்டும் எழுதி விற்றால் வாங்காதீர்கள். இலை விளிம்பைப் பாருங்கள். கடற்கரை ஊருக்குப் பல் உள்ள இலைதான் ஏற்றது. அக்காவும் இதை வாங்கி வந்த பிறகுதான் அறிந்தார். ஊட்டியில் வாங்கிய மூன்றையும் கைவிட மனம் வரவில்லை.

"எதுக்குக்கா தரைக்கு மாத்தணும்? தொட்டியிலேயே இருக்கட்டுமே," என்று கேட்டேன். நிஜமாகவே அதுதான் என் எண்ணமும்.

பதில் சொல்லாமல் ஒரு தொட்டியைச் சாய்த்து, விளிம்பைத் தட்டி, செடியை உருவிக் காட்டினார். வேர்கள் தொட்டி வடிவத்திலேயே வட்டம் வட்டமாகச் சுற்றிக் கிடந்தன. நடுவில் நர்சரிக்காரர்கள் நாற்று விட்டபோது வைத்த மெல்லிய வலைப்பை அப்படியே இருந்தது. அதற்குள் தேங்காய் நார்த்தூள் கட்டியாக, பிழிந்தால் தண்ணீர் சொட்டும் ஈரத்தோடு. மேல்மண் தூசியாகக் காய்ந்திருக்க, அடிவயிற்றில் மட்டும் இத்தனை ஈரம். என் கோவைச் செடிகள் செத்தது எப்படி என்பது அந்த உள்ளங்கை நார்க்கட்டியைப் பார்த்தபோது முழுசாக விளங்கியது.

"பாத்தியா, இதுக்குள்ள சுருண்டு கிடக்கு, பாவம்," என்றார்.

ஆனாலும் ஐந்தையும் தரைக்கு மாற்றவில்லை. இங்கிலீஷ் லாவெண்டரில் ஒன்றை, நார்த்தூளை உதிர்த்துவிட்டு, மணலும் ஓட்டுத்துண்டும் கலந்த புது மண்தொட்டிக்கு மாற்றித் திண்ணையிலேயே விட்டார். தரையில் வைப்பவை போய்விட்டால் வம்சத்துக்கு ஒன்று வேண்டும் அல்லவா.

தரை என்று சொன்னேனே தவிர, மட்டாஞ்சேரியின் தரையில் நேரடியாக லாவெண்டர் நட முடியாது. மேலே பார்க்க வடிகிற மணல்தான். கிணற்றடிக்குப் பக்கத்தில் மண்வெட்டியால் ஒன்றரை முழம் தோண்டினோம். குழியின் அடியில் தண்ணீர் ஊறியது. காயல் அத்தனை அருகில். வேலியேற்றத்தின்போது, அதாவது ஓதம் ஏறும் நாட்களில், மேற்குக் கொச்சியின் தாழ்ந்த பகுதிகளில் வீட்டு முற்றம் வரை உப்புநீர் வந்து போகும். கிணற்றுத் தண்ணீரும் உவர்ப்பு. ஒரு காலத்தில் இங்கே குடிநீர் ஆலுவாவிலிருந்து வள்ளத்தில் வந்தது. செடிக்கும் அந்தக் கிணற்று நீர் ஆகாது. குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைநீர்தான்.

எனவே மேட்டுப் பாத்தி. ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரம். செம்பூராங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, அடியில் அரை அடிக்கு உடைந்த கூரை ஓட்டுத் துண்டுகளைக் கொட்டியிருந்தார். மேலே இரண்டு பங்கு பெரும்மணலும் ஒரு பங்கு செம்மண்ணும் ஒரு பங்கு முற்றத்து மண்ணும். சாணம் கிடையாது, மண்புழு உரம் கிடையாது. கொழுத்த மண்ணில் லாவெண்டர் தளதளவென்று வளர்ந்து, வாசனை குறைந்து, முதல் மழையில் மடிந்து விழும்.

அதோடு ஒரு சிரட்டைச் சுண்ணாம்பு. கேரளத்துச் செம்மண் புளிப்பு மண். லாவெண்டருக்கோ காரத்தன்மை வேண்டும். அதற்கு அக்கா கடையில் பாக்கெட் எதுவும் வாங்கவில்லை. வேம்பநாட்டுக் காயலின் கக்கா, நாம் கிளிஞ்சல் என்கிறோமே, அந்த ஓட்டைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு இங்கே வெற்றிலைக்கும் வெள்ளையடிக்கவும் வழிவழியாக இருப்பது. அந்தக் காயலின் கிளிஞ்சல் படிவை வைத்து வெள்ளை சிமெண்டே தயாரித்திருக்கிறார்கள். நீற்றின சுண்ணாம்பை நடும் அன்றைக்குப் போட்டால் வேர் வெந்துவிடும். மூன்று வாரத்துக்கு முன்பே கலந்து, இரண்டு முறை தண்ணீர் தெளித்து ஆறவிட்டிருந்தார்.

எல்லாம் சரி. பாத்தி ஏன் அந்த மூலையில்? வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே நாலடிச் சந்து போல ஓர் இடம், அது முற்றத்தில் திறக்கும் வாயில். வெயில் முற்றத்து நடுவில்தான் இதைவிட அதிகம். நானாக இருந்தால் துளசித்தறைக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன். அப்படியே சொன்னேன்.

"அது அண்ணாச்சி பார்த்துச் சொன்ன இடம். இப்ப வருவாரு, நீயே கேளு."

அண்ணாச்சி வந்தது எட்டரை மணிக்கு, சைக்கிளின் பின்னால் வெள்ளைத்துணி மூட்டையோடு. எழுபதை நெருங்கும் வயது. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் உள்ள தோபிகானாவில் துணி வெளுப்பவர். அவர் பேசிய தமிழில் பாதி மலையாளம். ஆனால் எண்ணும்போது மட்டும் சுத்தத் தமிழில் எண்ணினார்: "ஒண்ணு, ரெண்டு, மூணு, படுக்கை விரிப்பு மூணு மோளே."

அவரிடம் கேட்டேன். மூட்டையை இறக்கிவிட்டு, அக்காவிடம் இரண்டு துண்டு கேட்டு வாங்கினார். ஒரே அளவு, ஒரே நெசவு. இரண்டையும் வாளியில் நனைத்து, ஒரே மாதிரி முறுக்கிப் பிழிந்தார். ஒன்றைத் துளசித்தறைக்குப் பக்கத்துக் கொடியில் போட்டார், இன்னொன்றைப் பாத்திக்கு மேலே. "தம்பி, வாங்க என் இடத்துக்குப் போவோம். மத்தியானம் வந்து தொட்டுப் பாருங்க."

ஆட்டோவில் அவர் சைக்கிளுக்குப் பின்னாலேயே போனேன். தோபிகானாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நிறைவாகாது. டச்சுக்காரர்கள் 1663இல் கொச்சியைப் பிடித்தார்கள்; அவர்களுடைய படையினரின் உடுப்புகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் நாங்கள் என்பது இங்கே துணி வெளுப்பவர்களிடையே வழங்கும் வரலாறு. தலைமுறைகள் பல தாண்டியும் வீட்டில் தமிழ் இருக்கிறது. வரிசையாகத் துவைகல் போட்ட தடுப்பறைகள், ஒவ்வொன்றிலும் தண்ணீர்த் தொட்டி. கல்லில் துணி விழும் சத்தம் ஒரு தாளக்கட்டோடு கேட்டுக்கொண்டே இருக்கிறது. வெளியே வந்தால் பரந்த திடலில் வெள்ளை மட்டுமே. ஒரு கிளிப்பு கூடக் கிடையாது. இரட்டைக் கயிற்றை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகி விடுகிறார்கள். எந்தக் காற்றுக்கும் அது விழாது. உள்ளே அரிசிக்கஞ்சி போட்ட சட்டைகள், கரி போட்ட கனத்த இஸ்திரிப் பெட்டிகள். இஸ்திரி என்ற சொல்லே போர்த்துகீசியர் வழியாக நம் மொழிக்கு வந்தது என்பார்கள்.

லாவெண்டர் என்ற சொல்லையும் அங்கே நின்றுகொண்டு நினைத்துப் பார்த்தேன். லத்தீனில் 'லவாரே' என்றால் கழுவுதல். துவைக்கும் இடத்துக்கும் இந்தச் செடிக்கும் ஒரே வேர்ச்சொல் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். சொல்லாராய்ச்சியாளர் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் ஐரோப்பாவில் வெளுத்த துணிக்கிடையே லாவெண்டரைக் காயவைத்து மடித்து வைத்த வழக்கம் உண்மை. சலவைக்காரிகள் ஈரத்துணியை லாவெண்டர் புதர் மேலேயே விரித்துக் காயவைத்ததும் உண்டு. அங்கே துணிக்கும் செடிக்கும் வேண்டியிருந்தது ஒன்றே: வெயிலும், நிற்காமல் வீசும் உலர்ந்த காற்றும்.

அண்ணாச்சிக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. தெரிய வேண்டியது அவருக்கு வேறு வழியில் தெரிந்திருக்கிறது. "இந்தத் திடல்ல எந்தக் கயிறு முதல்ல காயும்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்," என்றார். "வெயில் இருந்தா மட்டும் துணி காயாது தம்பி. கடல்காத்து எங்க நுழைஞ்சு எங்க வெளியே போவுதுன்னு பாக்கணும். காத்து போக வழியில்லாத இடத்துல வெயிலடிச்சாலும் துணி நாறும். அந்தம்மா இந்தச் செடிக்கு ஈரம் ஆவாதுன்னு சொன்னாங்க. அப்ப துணி காயுற இடந்தானே அதுக்கும்?"

தோட்டக்கலை நூல்கள் காற்றோட்டம் வேண்டும் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடும் விஷயம் இது. நம் வீட்டில் காற்றோட்டம் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை நான் படித்த எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை. கடற்கரையை ஒட்டிய நம் ஊர்களில் லாவெண்டரை வெயில் கொல்வதில்லை. இலைகளுக்கு நடுவே தேங்கும் ஈரக்காற்றும், அதில் வளரும் பூஞ்சையும், வேரடி நீரும்தான் கொல்கின்றன.

ஒரு மணிக்குத் திரும்பினோம். துளசித்தறைத் துண்டின் மடிப்பில் இன்னும் சில்லென்று ஈரம். பாத்திக்கு மேலே போட்டது மொரமொரவென்று காய்ந்திருந்தது. மேற்கிலிருந்து வரும் காற்று மதிலில் மோதித் திரும்பி, அந்த நாலடிச் சந்துக்குள் நெருங்கி ஓடுவதை அப்போதுதான் கன்னத்தில் உணர்ந்தேன். இறவாரத் தண்ணீர் சொட்டும் கோட்டிலிருந்தும் அந்த இடம் ஒரு முழம் விலகி இருந்தது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டு வீட்டில் இறவாரத்தின் கீழ் என்றால் மழைக்குப் பாதுகாப்பு என்று தோன்றும். கூரைத் தண்ணீர் மொத்தமும் கொட்டுகிற அந்தக் கோட்டில் வைத்தால் செடி மழையில் நனைவதைவிடப் பத்து மடங்கு நனையும்.

நடவு மாலை நான்கு மணிக்கு. முந்தின நாளே தொட்டிகளுக்கு அளவாகத் தண்ணீர் காட்டியிருந்தார். பத்து நாளாகத் திண்ணையிலிருந்து வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பழக்கியும் இருந்தார். செடியை உருவியதும் முதல் வேலை அந்த வலைப்பையைக் கத்தரிப்பது. கிழிக்கும்போது மெல்லிய வேர்கள் அறுந்தன, நான் பதறினேன். "அறுந்தா திருப்பி வரும். பை இருந்தா வராது," என்றார் அக்கா. நார்த்தூளை விரலால் உதிர்த்து, போகாததை ஒரு வாளித் தண்ணீரில் அலசினார். வட்டம் சுற்றிய தடித்த வேர்களைக் கத்தியால் இரண்டு இடத்தில் கீறிவிட்டு, விரல்களை நுழைத்து வெளிப்பக்கமாக விரித்தார்.

குழியின் அடியில் மண்ணைச் சிறு கூம்பாகக் குவித்து, அதன்மேல் வேரைப் பாவாடை மாதிரி விரித்து வைத்தோம். தண்டும் வேரும் சேருமிடம் பாத்தி மண்ணுக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும் என்று ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து அளந்தார். மண் அமுங்கியபின் அந்த இடம் சமமாக வரும், அதைச் சுற்றித் தண்ணீர் நிற்காது. செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி. மண்ணுக்கு மேலே காய்ந்த இலையோ தென்னை மட்டையோ பரப்பவில்லை. சின்னச் சரளைக்கல்லைத்தான் பரப்பினோம். சரளை ஈரத்தைப் பிடித்து வைக்காது, மழைத்துளி மண்ணை இலைமேல் தெறிக்கவிடாது, கீழ் இலைகளுக்கு வெயிலைத் திருப்பியும் அடிக்கும். கடைசியில் வேரடியில் மட்டும் ஒரு செம்பு தண்ணீர். இலை நனையவில்லை.

கூம்பு குவித்துக்கொண்டிருந்தபோது சுவரோரத்துக் கற்பூரவள்ளி என் முழங்கையில் உரசி மணத்தது. மலையாளத்தில் அதற்குப் பனிக்கூர்க்கை என்று பெயர். பனி என்றால் அங்கே காய்ச்சல். பிள்ளைகளின் சளிக்கு இங்கும் அங்கும் ஒரே மருந்து. அதையும் லாவெண்டரையும் நடுவிலிருக்கும் துளசியையும் பார்க்க ஒரு கல்யாண வீட்டில் உறவினர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மூன்றும் ஒரே குடும்பம், துளசிக் குடும்பம். சதுரத் தண்டைத் தொட்டுப் பார்த்தாலே அடையாளம் தெரியும். கற்பூரவள்ளி என்று தமிழில் வழங்கும் செடிகளில், பாறைப் பாங்கான இடங்களில் வளரும் இன்னொரு இனம் உண்டு. அதற்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாவரவியலாளர் இளைய லின்னேயஸ் வைத்த பெயரே லாவண்டுலா கார்னோசா. ஆங்கிலத்தில் அதைத் தடித்த இலை லாவெண்டர் என்று எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் ஆராய்ந்து அதை வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள். ஐரோப்பியர் நம் செடியை முகர்ந்து தங்கள் ஊர் லாவெண்டரை நினைத்திருக்கிறார்கள். அக்காவோ லாவெண்டரை முகர்ந்துவிட்டு, "நம்ம கற்பூரவள்ளிக்குக் கொஞ்சம் பவுடர் போட்ட மாதிரி இருக்கு," என்றார்.

செடியறிவுக்குக் கொச்சி புதிதில்லை. டச்சு ஆளுநர் ஹென்றிக் வான் ரீட் இங்கிருந்துதான் ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்ற பெருநூலுக்கான வேலையைத் தொடங்கினார். சேர்த்தலை அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற வைத்தியரும் ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகிய மூன்று கொங்கணிப் பண்டிதர்களும் சொல்லச் சொல்ல உருவான நூல் அது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சானது. முந்நூறு ஆண்டுக்குப் பிறகு அதை ஆங்கிலத்துக்கும் மலையாளத்துக்கும் கொண்டுவர கே.எஸ். மணிலால் தன் வாழ்நாளையே செலவிட்டார். இந்த மண்ணின் செடியை இந்த மண்ணின் ஆட்கள்தான் சொல்ல முடியும் என்று அன்றே ஒருவருக்குத் தெரிந்திருந்தது. வெளுப்புக்காரர் ஒருவர் பாத்திக்கு இடம் சொன்னதை அந்த வரிசையில் வைத்தே நான் பார்க்கிறேன்.

லாவெண்டர் இந்தியாவில் எங்கே சுகமாக இருக்கிறது என்றால் ஜம்முவின் தோடா மாவட்டத்தில், பதர்வா பள்ளத்தாக்கில். சிஎஸ்ஐஆரின் நறுமணத் திட்டம் மக்காச்சோளம் விளைந்த மலைவயல்களில் அதைக் கொண்டுபோய் வைத்தது. ஊதாப் புரட்சி என்று பெயரானது. 2022 மேயில் லாவெண்டர் திருவிழாவே நடந்தது. அங்கே பனி விழும். கொச்சியின் நறுமண எண்ணெய் வேறு: எலுமிச்சைப்புல் எண்ணெய். இந்தத் துறைமுகம் வழியே போனதால் உலகச் சந்தையில் அதற்குக் கொச்சி எண்ணெய் என்றே பெயர். பெரும்பாவூர் பக்கம் ஓடக்காலியில் அதற்கென 1951இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இன்றும் இருக்கிறது. வாசனைக்காக மட்டும் ஒரு செடி வேண்டும் என்றால் மட்டாஞ்சேரிக்காரருக்கு எலுமிச்சைப்புல்லைத்தான் சொல்வேன். அக்காவிடம் அதைச் சொன்னபோது, "பிள்ளை வேணும்னு கேட்டவகிட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளை நல்லாருக்குன்னு சொல்லப்பிடாது தம்பி," என்றார். அதன்பிறகு நான் பேசவில்லை.

அடுத்த வாரங்களில் அவர் செய்ததைத் தொலைபேசியில் கேட்டுக் குறித்து வைத்தேன். முதல் மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு முறை வேரடியில் தண்ணீர், காலையில் மட்டும். பிறகு ஆள்காட்டி விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டாவிட்டால் மட்டும். ஜனவரியில் ஒரு நாள் செடி வாடியதாகத் தெரிந்தபோது செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடியவர், விரலை விட்டுப் பார்த்து, ஈரம் இருந்ததால் திரும்பி வந்துவிட்டாராம். மாலையில் செடி தானாக நிமிர்ந்தது. நடுப்பகல் வெயிலில் அது கொஞ்சம் துவள்வது வழக்கம்தான். அன்றைக்கு அந்தச் செம்புத் தண்ணீரை ஊற்றாமல் திரும்ப நான் என் வீட்டில் கற்றிருந்தால்!

பிப்ரவரியில் பல்விளிம்புச் செடிகள் இரண்டும் பூத்தன. வெளிறிய ஊதாக் கதிர்கள், உச்சியில் சிறு கொடி போல இரண்டு மூன்று இதழ்கள். பூ முடிந்ததும் பச்சை உள்ள பகுதியில் மூன்றில் ஒரு பங்கு கத்தரித்தார். அடியில் மரமாகிப்போன பழுப்புத் தண்டில் வெட்டினால் திரும்பத் துளிர்ப்பது அரிது. வெட்டியதில் பூக்காத நுனிகளை விரல் நீளத்துக்கு நறுக்கி, கீழ் இலைகளை உருவிவிட்டு, மணல் நிரப்பிய பிஸ்கட் தகரத்தில் ஊன்றினார். தகரத்தின் அடியில் ஆணியால் ஓட்டைகள். ஆறு வாரத்தில் பன்னிரண்டில் ஏழு வேர்பிடித்தன. மே கடைசியில் பாத்திக்கு மேல் நான்கு கழி நட்டு, கனத்த பாலித்தீன் விரித்து, பக்கங்களை முழுக்கத் திறந்துவிட்டு மழமற போட்டார். கேரளத்தில் மழைக்காலக் காய்கறிக்குப் போடும் அதே கூரை.

நான் மறுபடி போனது கர்க்கடகத்தில், ஜூலை கடைசி வாரம். பஜார் ரோட்டில் சுக்கு வாசனையைக்கூட மழை அடித்துப் போட்டிருந்தது. குடையை மடக்கிக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்ததும் பாத்தியைத்தான் பார்த்தேன். இங்கிலீஷ் லாவெண்டர் இருந்த இரண்டு இடமும் காலி. ஜூன் மூன்றாம் வாரத்தில் ஒன்று அடியிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது என்றார் அக்கா. அடுத்ததும் பத்து நாளில். பிடுங்கியபோது வேர் பழுப்பாகக் கையோடு வழுக்கிக்கொண்டு வந்ததாம். அந்த இரண்டு குழியின் மண்ணையும் அள்ளி வெளியே போட்டுவிட்டார். அழுகல் பூஞ்சை மண்ணில் தங்கும். சொல்லும்போது குரல் கம்மியது.

பல்விளிம்பு இரண்டில் ஒன்று பாதி வழுக்கையாக நின்றது. உள் இலைகள் கொட்டி, வெளியே மட்டும் பச்சை. மற்றது முழுசாக, முழங்கால் உயரத்துக்கு, மழமறையின் கீழே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சந்தின் வாயில் பக்கம், துண்டு முதலில் காய்ந்த இடத்துக்கு நேர் கீழே இருந்த செடி அது. திண்ணையில் மண்தொட்டி இங்கிலீஷ் லாவெண்டர் பூவே இல்லாமல், ஆனால் சாம்பல் இலை மின்னிக்கொண்டு உயிரோடு இருந்தது. அதற்குப் பக்கத்தில் தகரத்தில் ஏழு நாற்று.

அண்ணாச்சியின் வீட்டுக்கு ஒன்று என்று அக்கா எடுத்து வைத்திருந்தார். மழை விட்ட ஒரு பத்து நிமிடத்தில் அவரே வந்தார், மூட்டையைப் பாலித்தீனில் சுற்றிக்கொண்டு. நாற்றுத் தகரத்தைக் கையில் வாங்கி, இலையைத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "இதை இப்ப வைக்கப்பிடாதில்லையா மோளே?"

"மார்கழி வரைக்கும் இங்கயே இருக்கட்டும் அண்ணாச்சி. அப்பக் கொண்டு போங்க."

"சரி," என்று தகரத்தைத் திருப்பிக் கொடுத்தவர், திண்ணைக் கொடியில் ஈரம் போகாமல் தொங்கிய துணிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவற்றில் நாலைந்தைக் கழற்றிச் சந்துப் பக்கத்துக் கயிற்றுக்கு மாற்றினார். பிறகு நாற்றுத் தகரத்தையும் எடுத்து அதே கயிற்றுக்குக் கீழே, மழமறையின் ஓரத்தில் வைத்தார்.